நீரேரிப் பயணத்துக்குப் படகு: வாசகர் கேள்விகள்

என் படகில் இயந்திரம் பூட்டும் பின்பலகை 15 அங்குல உயரம். 20 அங்குலத் தண்டுள்ள வெளியிணைப்பு இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (நாவாந்துறை)

வேண்டாம். விசிறி ஐந்து அங்குலம் கூடுதலாகக் கீழிறங்கும். அந்த ஐந்து அங்குலத்துக்காகவே பாதி வழியில் இறங்கிப் படகைத் தள்ள நேரும்.

குடும்பத்தில் ஆறு பேர். கொழும்புத்துறையிலிருந்து கிளாலிவரை போய்வர 40 குதிரைவலு போதுமா, 60 வேண்டுமா?

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குதிரைவலுவில்தான் தொடங்குகின்றன. படகின் நீளம் என்ன, அடி எந்த வடிவம், ஆட்கள் ஏறியபின் அது எத்தனை அங்குலம் அமிழும் என்பவற்றை எவரும் எழுதுவதில்லை. நமது யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். வரட்சியில் அதுவும் இராது. ஆகவே முதலில் ஆழம், பிறகு அடி, கடைசியில்தான் இயந்திரம். நீரைக் கிழித்து அமிழ்ந்தோடும் படகு, நீர்மட்டத்தில் 25 அடி நீளமிருந்தால், மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றருக்கு மேல் இலகுவில் ஓடாது. அதற்கு மேல் எரிக்கும் பெற்றோல் எல்லாம் அலையை உயர்த்தவே செலவாகும். அத்தகைய படகுக்கு 15 குதிரைவலு தாராளம்.

ஒருமுறை நானே 40 குதிரைவலுவைப் பூட்டிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் நீர்த்தாவரமான சாதாழைக்குள் புகுந்தேன். இயந்திரத்தைக் குளிர்வித்துப் பின்னால் பீறிட வேண்டிய நீர்த்தாரை நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுவிட்டது. இயந்திரத்தை அணைத்து, நீர் உறிஞ்சும் துளைகளில் அடைந்திருந்த சாதாழையை விரலால் வழித்தெடுத்து முடிப்பதற்குள், காற்று படகைக் கொண்டுபோய் மீன்பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகளில் சாய்த்துவிட்டது. கரையேறும்போது பொழுது பட்டிருந்தது. அந்த நீர்த்தாரையில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். ஆறு பேருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். கூரை போடுவதானால், அதற்குமுன் சங்குப்பிட்டிப் பாலத்தின் கீழுள்ள இடைவெளியை நேரில் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் தேவை? (வேலணை)

எந்த இயந்திரம், எவ்வளவு தூரம் என்று எழுதாமல் எரிபொருள் கணக்குக் கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பதற்குச் சமம். முழு வேகத்தில் 10 குதிரைவலுவுக்கு மணிக்கு நாலு லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்காற்றுக்கு ஒரு பங்கு.

தட்டை அடியா, கூர் அடியா? (அராலி)

தட்டை அடி குறைவாக அமிழும். ஆனால் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில், ஆழமற்ற நீரில் எழும் குட்டையான செங்குத்து அலைகள் அதை அறைந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் அமைந்ததைத் தேடுங்கள். அதுவும் எவ்வளவு அமிழும் என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

ஓய்வுபெற்றபின் இங்கிலாந்துக் கால்வாய்களிலும் பிரான்சிலும் சுற்ற எண்ணியுள்ளேன். 10 அடி அகலப் படகு சரிவருமா? (லண்டன்)

இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களில் நீர்ப்பூட்டுகள் (படகை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) ஏறத்தாழ 7 அடி அகலமே. உங்கள் படகு அகன்ற கால்வாய்களோடு நின்றுவிடும். அங்கே வேக எல்லை மணிக்கு 4 மைல் என்பதால் நீங்களாவது குதிரைவலுவைக் கேட்காதீர்கள். 1681இல் கட்டி முடிக்கப்பட்ட பிரான்சின் மிடிக் கால்வாயில் அகலத்தைவிடக் கூரையே தொல்லை: வளைந்த பழைய கற்பாலங்களில் நடுப்பகுதி தப்பினாலும் கூரையின் மூலைகள் முட்டும்.

பழைய பைபர் படகொன்று விலைக்கு வந்துள்ளது. எதைப் பார்க்க வேண்டும்? (குருநகர்)

பின்பலகையை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். இறுகிய ஒலி வந்தால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளிருக்கும் பலகை நீரூறி உக்கிவிட்டது. புதுப் பூச்சுப் பளபளத்தால் இன்னொரு முறை தட்டுங்கள்.