வாசல் மணியும் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாசலில் ஒரு கம்பெனியின் ஸ்மார்ட் டோர்பெல், வீட்டைச் சுற்றி வேறு கம்பெனியின் மூன்று கேமரா. ஆளுக்கொரு ஆப். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க முடியுமா? இரவில் மணி அடித்தால் வாசல் விளக்கு தானாக எரிய வேண்டும்.

பதில்: முடியும். முதலில் கேமரா வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி என்ற இரண்டு பெயரில் ஒன்றாவது அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆன்விஃப் என்பது ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய அமைப்பு. எந்தக் கம்பெனியின் கேமராவும் எந்த ரெக்கார்டரோடும் பேச ஒரு பொது மொழி வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆர்டிஎஸ்பி, படம் வந்து சேரும் வழி. அதற்கான போர்ட், அதாவது கேமராவின் கதவு எண், பெரும்பாலும் 554. சில கம்பெனிகள் இந்த வசதியைக் கொடுத்துவிட்டு, ஆப்பின் செட்டிங்ஸில் எங்கோ ஒரு மூலையில் ஆஃப் செய்து வைத்திருப்பார்கள், அதற்கென்று தனி யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஹோம் அசிஸ்டன்டில் கை வைப்பதற்கு முன்னால் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே படம் ஓடினால் கேமராவில் கோளாறில்லை என்று தெரிந்துவிடும், அப்புறம் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்.

அடுத்து, ரவுட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் நிரந்தர ஐபி முகவரி ஒதுக்குங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன். ஒருநாள் கரன்ட் போய் வந்ததும் ரவுட்டர் முகவரிகளை மாற்றிக் கொடுத்துவிட்டது, பின்வாசல் கேமரா இரண்டு நாள் இருண்டு கிடந்தது எனக்குத் தெரியவே இல்லை.

பெரும்பாலான கேமராக்கள் ஒரே சமயத்தில் இரண்டு வீடியோ ஓட்டம் கொடுக்கும், ஒன்று முழுத் தரம், இன்னொன்று சிறியது. திரையில் பார்க்கச் சிறியது போதும், அதை எச்.264 என்ற வீடியோ வடிவத்தில் வையுங்கள். எச்.265 சில பிரவுசர்களில் திறக்காது. முழுத் தரம் பதிவுக்கு. 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) என்று வைத்தால் ஒரு கேமராவுக்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி ஆகும். மூன்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

விளக்கு விஷயம் சுலபம். டோர்பெல் இணைந்துவிட்டால், பட்டனை அழுத்துவது ஒரு நிகழ்வாகவே ஹோம் அசிஸ்டன்டுக்கு வரும். சூரியன் மறைந்திருந்தால் விளக்கைப் போடு, ஒரு விநாடி பொறு, படம் எடு, போனுக்கு அனுப்பு. அந்த ஒரு விநாடியை விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் விழுந்த பிறகு எடுத்தால்தான் முகம் முகமாகத் தெரியும்.

கேள்வி: என்னுடையது பேட்டரி டோர்பெல். போனில் படம் வருவதற்குள் வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார். ஏன்?

பதில்: பேட்டரியை மிச்சப்படுத்த அது தூங்கிக்கொண்டே இருக்கிறது. பட்டன் அழுத்தியதும் விழித்து, வைஃபையைப் பிடித்து, கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் போனுக்கு வர வேண்டும். இதனால்தான் பேட்டரி மாடல்கள் பெரும்பாலும் ஆர்டிஎஸ்பி தருவதில்லை, எந்நேரமும் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. வாசல் வரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தால் பிஓஇ டோர்பெல் வாங்குங்கள், மின்சாரமும் படமும் ஒரே ஒயரில். பழைய மணியின் ஒயரில் மாட்டும் மாடல் என்றால் பல மாடல்களுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏசி தேவை, டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். தயவுசெய்து மெயின் லைனை அதில் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாக் கம்பெனி ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொது மொழியாக மேட்டர் வந்துவிட்டதே, அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். 2022 அக்டோபரில் வந்த முதல் பதிப்பில் கேமராவே கிடையாது, 2025 நவம்பரில் வந்த 1.5-ல்தான் சேர்த்தார்கள். இன்றைக்குத் தேவை என்றால் ஆன்விஃப் கேமராவே வாங்குங்கள்.

கேள்வி: வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டுப் போனார் கேமரா மாட்டியவர். சரிதானா?

பதில்: சரியில்லை, இன்றைக்கே மூடுங்கள். 2016-ல் மிராய் என்ற நிரல், கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கேமரா இதில் சேர்ந்தது தெரிந்திருக்கவே வழியில்லை. வெளியிலிருந்து பார்க்க, வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய வழி தரும் ஒயர்கார்டு மாதிரி விபிஎன் போதும். கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் வைத்து இணையத்தையே துண்டித்துவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் நேரம் சரிபார்க்க மட்டும் வீட்டுக்குள்ளேயே ஒரு என்டிபி சர்வரை (சரியான நேரம் சொல்லும் சர்வர்) காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவில் விழும் நேரம் நாளாக ஆக விலகிவிடும், ஏதாவது நடந்து தேடும்போது எந்த மணிக்கு என்றே கண்டுபிடிக்க முடியாது.