கறுப்பு வானத்தில் புள்ளி விழுந்தால் ஹெட்டை மாற்றாதீர்கள்

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: “தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்களை இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில், க்ளாஸி தாளில் அச்சிடுகிறேன். இரவு வானத்தில் நீளவாக்கில் சிறுசிறு புள்ளிகள். மை தெளிக்கும் ஹெட்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?”

வேண்டாம் அம்மா.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தாள் வெளியே வரும் திசையில், ஒரே இடைவெளியில் புள்ளிகள் வரிசையாகப் போகின்றனவா? வெளியே வரும் தாளை அமுக்கிப் பிடிக்கும் சின்னப் பல்சக்கரங்களின் தடம் அது. மை காய்வதற்குள் பல் குத்திவிடுகிறது. கறுப்பில் மை அதிகம் இறங்கும், அதனால் அங்கேதான் கண்ணில் படும். ஹெட் அடைத்திருந்தால் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். இரண்டும் வேறு வேறு. இது தெரியாமலா ஹெட்டை விற்கிறார்கள்? தெரிந்தேதான் விற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்த பொறி, தயாரிப்பாளர் பெயரே இல்லாத மலிவு தாள். பிரிண்டரில் எந்தத் தாள் வகையைத் தேர்ந்தெடுப்பது என்று யாருக்கும் தெரியாது. தாள் குடிப்பதைவிட அதிகமாக மை கொட்டும், மேலேயே ஈரமாக நிற்கும். ரீஃபில் மை சேர்ந்தால் இன்னும் மோசம். பெயருள்ள தாளை வாங்கி, அதற்குச் சொல்லப்பட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். அப்புறம் மை அடர்த்தியைக் கொஞ்சம் குறையுங்கள். ஹெட் ஒவ்வொரு முறை ஓடியபின்னும் மை காய நேரம் விடும் வசதி சில மாடல்களில் உண்டு. அதை ஏன் எங்கோ ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறார்கள்? சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் சொல்வதில்லை. க்ளீனிங் ஓட்டி, உங்கள் மையைத்தான் வீணாக்குகிறார்கள்.

நம் பினாங்கு ஈரக்காற்றில் திறந்து வைத்த தாள் சுருளும். சுருண்ட ஓரம் சக்கரத்தில் அழுத்தமாக உரசும். பாக்கெட்டை மூடியே வையுங்கள்.

ஒரு விலக்கு. பரைட்டா என்ற கனமான தாளுக்கு மாறினால் மேற்சொன்னது போதாமல் போகலாம். அதன் மேல்பூச்சு மென்மையானது, மை காய்ந்தாலும் பல் பதியும். பரைட்டாதான் வேண்டும் என்றால், முன்பக்கமாகத் தாளை நேராகச் செருகும் வழி உங்கள் பிரிண்டரில் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் அந்த வழியில் சக்கரங்கள் தாளைத் தொடுவதில்லை. இல்லையென்றால் பரைட்டாவுக்குப் பணம் போடாதீர்கள், மேட் தாளே போதும். பளபளப்பு இல்லாததால் தடம் அவ்வளவாகத் தெரியாது.

முதலில் வெறும் கறுப்புப் பட்டை ஒன்றை மட்டும் அடித்துப் பாருங்கள். புள்ளி போயிருந்தால் ரதப் படத்தை அனுப்புங்கள்.