பதக்கத்தின் விளிம்பில் இருக்கும் பெயர்

பிரிட்டிஷ் காலப் பதக்கங்களைச் சேகரிப்பது பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக நாணயங்கள் சேகரித்து வருகிறேன். இப்போது பிரிட்டிஷ் பதக்கங்கள் மீது ஆர்வம் வந்திருக்கிறது. நினைவுப் பதக்கம், விருதுப் பதக்கம் என்று பிரித்துச் சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: ஒரு முடிசூட்டு விழாவையோ போர் வெற்றியையோ கண்காட்சியையோ மக்கள் மறவாதிருப்பதற்காக அடித்து விற்கப்பட்டது அல்லது பரிசாகக் கொடுக்கப்பட்டது நினைவுப் பதக்கம். ஒருவர் ஆற்றிய பணிக்காகவோ காட்டிய திறமைக்காகவோ அவருக்கென்றே வழங்கப்பட்டது விருதுப் பதக்கம். முதலாவது நிகழ்ச்சியைச் சேர்ந்தது, இரண்டாவது ஆளைச் சேர்ந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் செல்லாது. 1798ஆம் ஆண்டு எகிப்தின் கரையோரம் நடந்த நைல் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை முறியடித்தபோது, கடைநிலை மாலுமி வரை எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும் வழக்கம் பிரிட்டிஷ் அரசிடம் இல்லை. நெல்சனின் பண விவகாரங்களைக் கவனித்துவந்த அலெக்சாண்டர் டேவிசன் என்பவர் தம் சொந்தச் செலவில், பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ ஆலையில் பதக்கம் அடிக்கச் செய்து, பொன், வெள்ளி, பொன்முலாம் பூசிய வெண்கலம், வெண்கலம் என்று தகுதிக்கேற்பப் போரில் இருந்த அனைவருக்கும் வழங்கினார். அரசு தராத இதை விருது என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போரிட்டவர் கையில் போரிட்டதற்காகவே கொடுக்கப்பட்டதால், என் கணக்கில் அது விருதுதான்.

போர்க்களத்துக்கு வெளியேயும் விருதுப் பதக்கங்கள் ஏராளம். 1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சியில் நடுவர்கள் தேர்ந்தெடுத்த உற்பத்தியாளர்களுக்கு வெண்கலப் பதக்கங்கள் தரப்பட்டன. முன்புறத்தில் வில்லியம் வயன் செதுக்கிய விக்டோரியா, ஆல்பர்ட் இருவரின் தலைகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி, பெற்றவர் பெயரும் அவர் பொருள் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும்.

நாணயத்திலிருந்து வருகிற உங்களுக்கு 1897ஆம் ஆண்டு வைரவிழாப் பதக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கம் தாமஸ் பிராக் வடித்த, முக்காடிட்ட முதிய விக்டோரியா. மறுபக்கம் வயன் வடித்த இளம் விக்டோரியா. அறுபது ஆண்டு ஆட்சியை ஒரே உலோகத்தின் இரு முகங்களில் சொல்லிவிட்ட வடிவமைப்பு அது. இதன் சிறிய வெள்ளிப் பதிப்பு ஏராளமாக அடிக்கப்பட்டதால் புதியவர்களின் கைக்கெட்டும் விலையிலேயே கிடைக்கிறது. இதே வயன் 1837இல் லண்டன் மாநகரத்துக்காகச் செய்த பதக்கத்தில் இருந்த விக்டோரியாவின் தலைதான், 1840இல் வெளிவந்த உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்குக்கு மாதிரியாக அமைந்தது. ஒரு பதக்கத்தைத் தொடர்ந்து சென்றால் நாணயம், அஞ்சல்தலை என்று எங்கெங்கோ வழி திறக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: எட்டாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுப் பதக்கம் ஒன்று என்னிடம் உள்ளது. அவர் முடிசூடவே இல்லையே! அப்படியானால் இது மிக அரிய பொருள்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அரியது அன்று. முடிசூட்டு விழா 1937 மே 12 என்று முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் 1936 டிசம்பர் 11 அன்று அரியணையைத் துறப்பதற்குள் தனியார் நிறுவனங்கள் பதக்கங்களையும் கோப்பைகளையும் பெருமளவில் செய்து முடித்திருந்தன. எல்லோரும் அபூர்வம் என்று கருதிப் பத்திரப்படுத்தியதாலேயே அவை இன்றும் நிறையக் கிடைக்கின்றன. அதே மே 12ஆம் நாளில் அவருடைய தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார் என்பதால், ஒரே தேதியைத் தாங்கிய இரு மன்னர்களின் பதக்கங்களை அருகருகே வைப்பது நல்ல காட்சியாக இருக்கும்.

இதற்கு இணையாக 1902ஐயும் பாருங்கள். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஜூன் 26இல் நடக்கவிருந்தது. அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்ததால் விழா ஆகஸ்ட் 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. முன்பே அடிக்கப்பட்டவற்றில் ஜூன் 26 என்றே இருக்கிறது. நெஞ்சில் அணிவதற்காக வழங்கப்பட்ட அரசுப் பதக்கமும் அந்தத் தேதியையே தாங்கியிருக்கிறது. ஆகவே ஜூன் தேதியைப் பிழையச்சு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: வாட்டர்லூ பதக்கத்தைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் ஏன் இவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள்? இணைய ஏலங்களில் வருபவற்றில் எது உண்மையானது, எது போலி என்று எப்படிக் கண்டறிவது?
– வாசகர், சென்னை

பதில்: 1815 ஜூன் 18 அன்று பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் தோற்ற அந்தப் போருக்காக, தளபதி முதல் சாதாரணப் படைவீரர் வரை எல்லோருக்கும் ஒரே உலோகத்தில், ஒரே அளவில் வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு ஒரு போருக்காகத் தரைப்படையின் எல்லா நிலையினருக்கும் ஒன்றுபோல் வழங்கிய முதல் பதக்கம் இதுவே. இறந்துபோனவர்களின் குடும்பத்தாருக்கும் அதைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 39,000 பதக்கங்கள் 1816, 1817 ஆண்டுகளில் வழங்கப்பட்டன. முன்புறம் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசரின் தலை. பின்புறம் சிறகு விரித்து அமர்ந்திருக்கும் வெற்றித் தேவதை, அவளுக்கு மேலே பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் பெயர்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பதக்கத்தின் பெருமை முன்புறத்திலும் இல்லை, பின்புறத்திலும் இல்லை, விளிம்பில் இருக்கிறது. ஒவ்வொரு வீரரின் பெயரும் படைப்பிரிவும் இயந்திர அச்சால் பெரிய எழுத்துகளில் அழுத்தப்பட்டு, மிச்சமான இடம் சிறு நட்சத்திரக் குறிகளால் நிரப்பப்பட்டது. அதுவரை வரலாற்றில் பெயரே இல்லாதிருந்த உழவர் மகனுக்கும் நெசவாளிக்கும் வெள்ளியில் ஒரு வரி கிடைத்தது. அதன் பிறகு வந்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவை இந்த வழக்கத்தையே பின்பற்றின.

இதனால் மனக்கசப்பும் எழுந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆண்டுக்கணக்காக நெப்போலியனின் படைகளோடு போரிட்டும் வாட்டர்லூவில் இல்லாதவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நெடுங்கால முறையீட்டுக்குப் பிறகு 1847இல்தான் அவர்களுக்காகத் தரைப்படைப் பொதுச்சேவைப் பதக்கம் அறிவிக்கப்பட்டது; அதையும் அதுவரை உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களே பெற முடிந்தது. அதன் பின்புறத்தில் விக்டோரியா அரசி மண்டியிட்ட வெலிங்டனுக்கு வாகை சூட்டுகிறார். அந்தப் போர்கள் நடந்து முடிந்தபோது அந்த அரசி பிறக்கவே இல்லை. பதக்கத்தில் 1793 என்று தொடக்க ஆண்டு இருந்தாலும், அதன் நாடாவில் கோக்கும் போர்ப்பெயர்ப் பட்டைகளில் மிகப் பழையது 1801ஆம் ஆண்டு எகிப்துப் போருக்கானது.

போலிகளைப் பற்றிக் கேட்டீர்கள். முழுப் போலியைக் கண்டறிவது ஓரளவு எளிது. அச்சால் அடித்த பதக்கத்தில் முடியிழைகளும் எழுத்தின் ஓரங்களும் கூர்மையாக இருக்கும். உருக்கி வார்த்த நகலில் அவை மழுங்கியிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் பரப்பில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் சற்றே குறையும். பெயர் மாற்றப்பட்ட உண்மைப் பதக்கங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரணப் படைவீரரின் பெயரை அராவி நீக்கிவிட்டு, புகழ்பெற்ற படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரின் பெயரைப் பொறித்து விற்பார்கள். அராவிய விளிம்பு தேய்ந்திருக்கும் என்பதால், நுண்ணளவியால் மூன்று நான்கு திசைகளில் விட்டத்தை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் குறைந்தால் சந்தேகப்படலாம். எழுத்து அழுத்தப்பட்டதா, கையால் கீறப்பட்டதா என்பதையும் அந்தப் பதக்கத்துக்குரிய வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். தொங்கவிடும் வளையம் மாறியிருப்பது மட்டும் குற்றமன்று. வாட்டர்லூ பதக்கத்தோடு வந்த எஃகுக் கவ்வியும் வளையமும் துருப்பிடிக்கும் என்பதால், உரிமையாளர்களே அந்தக் காலத்தில் வெள்ளியில் மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் படையினருக்கு அவை பெயர் பொறிக்கப்படாமலேயே வழங்கப்பட்டன. ஆகவே இன்னார் அணிந்தது என்று விற்பவர் சொன்னால் அதற்குரிய ஆவணத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவரின் தாத்தாவுடைய பெட்டியில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று வெள்ளி, அதில் குதிரைமேல் ஓர் ஆண். மற்றொன்று வெண்கலம், சிறகுள்ள பெண் உருவமும் வானவில் நிற நாடாவும் உள்ளன. இவை என்ன? விற்றால் என்ன கிடைக்கும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் முதல் உலகப் போருக்கானவை. வெள்ளி, பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெண்கலம், வெற்றிப் பதக்கம். இரண்டிலுமுள்ள உருவங்களையும் வில்லியம் மெக்மில்லன் என்ற சிற்பி வடித்தார். வெள்ளிப் பதக்கத்தில் குதிரையின் காலடியைக் கூர்ந்து பாருங்கள்: பிரஷ்யக் கழுகு பொறித்த கேடயமும் ஒரு மண்டையோடும் மிதிபட்டுக் கிடக்கும்.

இப்போது பதக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் விளிம்பில் சாய்ந்து விழும்படி மெல்லச் சுழற்றுங்கள். ஓர் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் என்று நான்கு செய்திகள் தெரியும். உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை அந்தக் காலத்தில் இருந்தது. 75ஆவது, 80ஆவது கர்னாடிக் காலாட்படைகள், மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படை, பாதை அமைக்கும் பயனியர் படைகள் ஆகியவற்றிலும் தமிழர்கள் பணியாற்றினார்கள். பெயர் ஆங்கிலத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும்; எழுத்துக் கூட்டிப் பார்ப்பதைவிட வாய்விட்டுப் படித்தால் அது உங்கள் கணவரின் தாத்தா பெயர்தானா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். மூன்றாவதாக நான்கு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம் ஒன்று பெட்டியில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். 1915 முடிவதற்குள் போர்முனைக்குச் சென்றவர்களுக்கு அதுவும் தரப்பட்டது.

விலையைப் பற்றிச் சொல்வதானால், இவை பல லட்சக்கணக்கில் வழங்கப்பட்டவை. வெள்ளிப் பதக்கம் மட்டுமே அறுபது லட்சத்துக்கு மேல். ஆகவே பெரும் தொகை கிடைக்காது. ஆயினும் அவற்றைப் பழைய வெள்ளி விலைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 1980ஐ ஒட்டி உலகெங்கும் வெள்ளி விலை ஏறியபோது இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. துணையை இழந்த வெண்கலப் பதக்கங்கள் இன்று தனித்து அலைவதற்கு அது ஒரு காரணம். இரண்டையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஓய்வூதியப் புத்தகமோ பணிச் சான்றோ சீருடை அணிந்த படமோ இருந்தால் அதே உறையில் சேர்த்து வையுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் விளிம்பில் இருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை தெரியும். 1922இல் இந்தியப் படைகள் திருத்தியமைக்கப்பட்டபோது அந்தப் பழைய படைப்பிரிவுப் பெயர்கள் வழக்கொழிந்துவிட்டன என்பதால், குடும்பத்தில் இருக்கும் ஆவணத்துக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கறுத்துப்போன பதக்கங்களை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சுத்தம் செய்ய வேண்டாம். வெள்ளி விளக்கை விபூதியாலும் செம்புக் குடத்தைப் புளியாலும் தேய்த்துப் பழகிய நம் கைக்கு இது கடினம்தான். ஆனால் பதக்கத்தில் இரண்டுமே நாசம். வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு அதில் சேர்ந்த வெள்ளியும் போகும். மன்னரின் கன்னமும் விளிம்பு எழுத்தும் முதலில் மழுங்கும். வெண்கலத்தின் பழுப்பு பல பதக்கங்களில் ஆலையிலேயே கொடுக்கப்பட்ட மெருகு. நீக்கினால் திரும்ப வராது.

வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது உப்புக் களிம்பு. உள்ளே தின்றுகொண்டே போகும். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் இதற்கு வாய்ப்பு அதிகம். அந்தப் பதக்கத்தைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத பெட்டியில் வைத்து, உலோகப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள். பி.வி.சி. உறைகள், ரப்பர் வளையம், கம்பளித் துணி மூன்றும் கூடாது. அமிலம் நீக்கிய காகிதம் போதும்.

கேள்வி: ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் ஒன்றை வாங்க நினைக்கிறேன். பிறகு வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டதை ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி சோஹோ ஆலையில் செய்வித்த பதக்கம் அது, வந்து சேர்ந்தது 1808இல். வடித்தவர், டேவிசனின் நைல் பதக்கத்தையும் செய்த கூக்லர். முன்புறத்தில் பிரிட்டனின் சிங்கம் திப்புவின் சின்னமான புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில் இறைவனின் சிங்கமே வெல்லும் என்ற பொருளில் அரபு வாசகம். பின்புறத்தில் கோட்டைத் தாக்குதல். தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாமிட்ட வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, கோட்டை மதிலில் ஏறிய சிப்பாய்க்கு வெள்ளீயம் கிடைத்தது. மதராஸ் படையைச் சேர்ந்த சிப்பாய்கள் பலர் அதில் உண்டு. வாட்டர்லூ போல விளிம்பில் பெயர் பொறிக்கும் வழக்கம் இதற்கு இல்லை என்பதால், எந்தச் சிப்பாயுடையது என்று அறிய வழியில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆயினும் பொன் பதக்கத்தைவிட, தேய்ந்துபோன ஒரு வெள்ளீயப் பதக்கத்தையே நான் விரும்பி வாங்குவேன்.

வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுகளோ அதற்கு மேலோ பழமையான இத்தகைய பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். முதல் உலகப் போர்ப் பதக்கங்களும் இப்போது நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டன என்பதை, அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று எழுதியிருந்த மற்ற வாசகர்களும் கவனிக்க வேண்டும். உள்நாட்டில் வாங்கும்போதும் விற்பவர் உரிமம் பெற்ற தொல்பொருள் வணிகர்தானா என்று கேட்டு, பதக்கத்தின் இரு பக்கப் படங்களோடு பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.