கேளுங்க அக்கா: பேசிப் பேசி என்னத்த கண்டோம்?

கேள்வி: அக்கா, எங்க ஊரு கடைமடை. வாய்க்கால் தூர்வாரல, கொள்முதல் நிலையத்துல நெல்லு மழைல நனையுதுன்னு காலேஜ் பசங்க நாங்க சேந்து போஸ்டர் எழுதுறோம், ஸ்டேட்டஸ் போடுறோம். "பேசிப் பேசி என்னத்த கண்டீங்க"ன்னு வீட்டுலயே கேக்குறாங்க. பேச்சுக்கு நெஜமாவே பலம் இருக்கா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இருக்கும்மா. உங்க பக்கத்துலயே சாட்சி இருக்கு. பண்ணையாளுங்கள, அதாவது மிராசுதார் நிலத்துல கட்டுப்பட்டு வேலை செஞ்ச கூலிங்கள, சவுக்கால அடிக்கறதும் சாணிய கரைச்ச சாணிப்பால் குடிக்க வைக்கறதும் சாதாரணமா நடந்த காலம், 1940கள்ல விவசாயிகள் சங்கத்த கட்டின கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் வந்தாரு, கன்னட மண்ணுல பொறந்து இங்க வந்து தமிழ் கத்துக்கிட்டவரு. சேரி சேரியா போய் அவரு சொன்னதுன்னு இன்னிக்கும் சொல்றது ஒரே பேச்சுதான், அடிச்சா திருப்பி அடி. குனிஞ்சே நின்ன சனம் அத ஒண்ணா சொல்ல ஆரம்பிச்சதும் மிராசுதாருங்க பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க, 1944ல மன்னார்குடி ஒப்பந்தத்துல சவுக்கடியும் சாணிப்பாலும் நிக்கணும்னு முடிவாச்சு, 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில கூலி விவசாயிங்க குடும்பத்து ஆளுங்க 44 பேர ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்களே, அவங்க கேட்டது கூலி நெல்லு கொஞ்சம் கூட, அப்பறம் சங்கத்த விடமாட்டோம்னு நின்னாங்க. பேச்சுக்கு பலம் இல்லைன்னா அத அடக்க எதுக்கு நெருப்பு வைக்கணும்?

இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் ஐயாவும் டெல்டா நிலத்துக்கு அடியில இருந்து மீத்தேன் கேஸ் எடுக்கற திட்டம் பத்தி ஊர் ஊரா போய் பேசினாரு, நிலத்தடி தண்ணிய உறிஞ்சி வெளிய தள்ளினாத்தான் கேஸ் வரும், அப்பறம் உன் போர்ல என்ன இருக்கும்னு. கேட்டவங்களுக்கு உடனே புரிஞ்சுது. அந்த வேலையா இருக்கறப்பவே 2013 டிசம்பர் 30ல போய் சேந்துட்டாரு, ஆனா பேச்சு நிக்கல, 2017ல எண்ணெய், கேஸ் எடுக்கறத எதுத்து நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டம், 2020ல டெல்டாவுக்கு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். (ஏற்கனவே ஓடிட்டு இருந்த திட்டங்கள அந்த சட்டம் தொடல, அதையும் சொல்லிட்டே இருக்கணும்.) 2023 ஏப்ரல்ல வடசேரி பக்கம் நிலக்கரி எடுக்க ஏலம் விடப்போறதா மத்திய அரசு பட்டியல் வந்தப்ப டெல்டாவே சத்தம் போட்டுச்சு, சில நாள்லயே வாபஸ்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன்மா, உங்க போஸ்டர்ல நடவு கூலி இருக்கா? நூறு நாள் வேலை சம்பள பாக்கி இருக்கா? தண்ணியும் நெல்லு வெலையும் மட்டும் எழுதினா நிலம் இல்லாத தெரு ஏன் வரும்? அவங்க கோரிக்கையும் அதே தாள்ல, அதே எழுத்து அளவுல வரணும். அவங்க தெருவுலயே ஒக்காந்து அவங்க சொல்ல சொல்ல எழுதுங்க, அப்பதான் ஊரே ஒரே வாயா பேசும்.

கேள்வி: கிராம சபைல தீர்மானம் போட்டா யாராச்சும் மதிப்பாங்களா?
- வாசகர், பாபநாசம்

பதில்: எப்படி எழுதறோம்ங்கறதுல இருக்கு சார். "வாய்க்கால சரி செய்ய வேண்டும்"னா அது ஃபைல்ல தூங்கும். எந்த வாய்க்கால், எந்த மதகுல இருந்து எந்த மதகு வரைக்கும், எத்தனை ஏக்கர் பாயுது, எந்த தேதிக்குள்ள, எந்த அதிகாரின்னு எழுதுங்க. பொம்பளைங்க எழுந்து பேசட்டும், பேசினது பதிவாகட்டும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தீர்மானப் புத்தகத்துல எழுதினத சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, நகல் கேட்டு வாங்குங்க. அக்டோபர் 2 கூட்டத்துக்கு இப்பவே தெருத்தெருவா சொல்லி வைங்க, ஊர் பெருசுன்னா கோரத்துக்கே, அதாவது கூட்டம் செல்லறதுக்கு வேண்டிய குறைஞ்ச எண்ணிக்கைக்கே, நூத்துக்கணக்குல ஆள் வேணும்.