எண் 47

அன்புள்ள டீச்சர்,

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது கோலாலம்பூரில், தோட்டத்து மக்களின் நீரிழிவு பற்றிய ஓர் ஆய்வுக் குழுவில் வேலை. 15 நிமிடம் பேச ஐரோப்பாவுக்கு அழைக்கிறார்கள். விமானம் கக்கும் கரியமில வாயுவை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. ஆய்வு மாதிரிகளை வைக்கும் எங்கள் ஃப்ரீசர்களும் இரவு பகலாக மின்சாரம் குடிக்கின்றன. மக்கள் நலனுக்கான ஆய்வே பூமியைச் சூடாக்கலாமா? போகவா, வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த வாரத்தில்தான் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒரு மஞ்சள் அட்டை. எண் 47. வேறு எழுத்து ஒன்றும் இல்லை.

முதலில் உன் கேள்வி. 15 நிமிடப் பேச்சுக்குப் போக வேண்டாம், திரையில் பேசு. ஃப்ரீசரை மைனஸ் 80 டிகிரியிலிருந்து மைனஸ் 70-க்கு மாற்றினால் 30 சதவீதம் வரை மின்சாரம் மிச்சம். மாற்றிவிடு, இதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விமானமே பாவம் என்று பேசாதே. 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். அது நிப்பா என்ற புதிய கிருமி. இந்த நாட்டில் 105 பேரைக் கொண்டுபோன நோய் அது. அந்தப் பயணத்துக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். கடிதம் முழுக்க விமானமும் மின்சாரமும். ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

1983-இல் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. ஆராய்ச்சி என்றார்கள். அம்மா வெறும் வயிற்றோடு, கோப்பிகூடக் குடிக்காமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றார். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டையை விடியலில் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அன்று அவர் பாதி மரம்தான் வெட்டினார். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே லயத்து வீட்டுக்கு வந்து, "எனக்கு என்னான்னு சொல்லுவாங்களாம்" என்று அந்த அட்டையைப் பத்திரப்படுத்தினார். ஐஸ் பெட்டியில் போன ரத்தத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. எட்டு வருடம் கழித்து இனிப்பு நீர் முற்றி அவருடைய இடது காலை எடுத்தார்கள். அந்தக் குழாயில் சர்க்கரை அன்றே தெரிந்திருக்குமோ என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

2009-இல் இயன் சால்மர்ஸ், பால் கிளாசியோ என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் போடும் பணத்தில் 85 சதவீதம் வீணாகிறதாம். விடை தெரிந்த கேள்வியையே மறுபடி கேட்பது, ஆய்வை அரைகுறையாக அமைப்பது, முடிவை வெளியிடாமல் போட்டு வைப்பது. அவற்றுக்கும் மின்சாரம் எரிந்தது, வேன் ஓடியது, விமானம் பறந்தது, என் அம்மா பசியோடு நின்றார். யாருக்கும் பயன்படாத ஆய்வு விடும் புகையை எந்தக் கணக்கில் எழுதுவாய்? ஃப்ரீசரை 70-க்கு மாற்றும்போது உள்ளே இருப்பதையும் ஒருமுறை பார். யாருடைய ரத்தம், எதற்காக, எத்தனை வருடமாக?

நீ நல்ல பிள்ளை, இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே உனக்கு வந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். உங்கள் ஆய்வில் ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியல் உன்னிடம் இருக்கும். அவர்களில் எத்தனை பேருக்கு, அவர்களுக்குப் புரியும் தமிழில், முடிவு போய்ச் சேர்ந்தது? எண்ணிப் பார்த்து எனக்கு எழுது. சேராதவர்கள் உன் தோட்டத்திலேயே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
டீச்சர்