இரண்டு சைக்கிளும் ஒரு ரயிலும்

தம்பி, அடுத்த மாதம் நெதர்லாந்து வந்து ஐந்தோவனில் வேலைக்குச் சேர்வதாகவும் உட்ரெக்டில் வீடு கிடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து ரயில் நிலையம் நான்கு கிலோமீட்டர், கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா, பள்ளிக்கூடங்கள் எப்படி, இட்லி அரிசி கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். அரிசி கிடைக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். காரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அதே தடத்தில் இருபது வருடமாகப் போய்வருகிறவள் நான்.

கார் வேண்டாம். இரண்டு சைக்கிள் வாங்குங்கள்.

ஒன்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று நினைப்பீர்கள். வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சாதாரண சைக்கிளை ரயிலில் ஏற்ற அனுமதி இல்லை. மற்ற நேரத்தில் அதற்குத் தனி டிக்கெட். மடக்குச் சைக்கிளுக்கு மட்டும்தான் எந்தக் கட்டுப்பாடும் கட்டணமும் கிடையாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பக்கத்து நிலையத்தில் ஒன்றும், வேலை பார்க்கும் ஊர் நிலையத்தில் பழையதாக இன்னொன்றும் வைத்திருப்பார்கள். மஞ்சளும் நீலமுமாக நிற்கும் வாடகைச் சைக்கிள் என்றைக்காவது ஒருநாள் அவசரத்துக்குச் சரி, தினமும் எடுத்தால் கட்டுப்படியாகாது.

அந்தப் பழைய சைக்கிளை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். தெருவில் யாராவது இருபது யூரோவுக்குத் தருகிறேன் என்று வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அது திருட்டுச் சைக்கிள். அடிமாட்டு விலைக்கு வாங்கியவரை, சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்று சட்டம் கேட்கும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. இப்படி மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரை எனக்கே தெரியும். அப்படி விற்பவர்களிடம் அவர்களை அனுப்பிவைத்தது முன்னால் வந்து குடியேறிய நம்மவர்களே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். கடையில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள். தனியாரிடம் வாங்குவதானால் சட்டகத்தில் உள்ள எண்ணைக் காவல்துறையின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு போதாது. தடித்த சங்கிலி ஒன்றையும் வாங்கி, அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும்.

நான் வந்தது 2005 நவம்பரில். திருவையாற்றுப் பக்கம் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவள் என்பதால் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற தைரியம் இருந்தது. இங்கே நிறைய சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம் ஊரில் கால் ஓய்வுக்காகவும் பெடலை மேலே கொண்டுவரவும் சும்மா பின்னால் சுற்றுவோமே, அந்தப் பழக்கம் என் காலிலேயே ஊறிப்போயிருந்தது. முதல் வாரம், கால்வாய் ஓரச் செங்கல் பாதை, ஈர இலைகள், இன்னும் விடியவில்லை. என்னை அறியாமல் பெடலைப் பின்னால் சுற்றினேன். சக்கரம் அங்கேயே இறுகியது. விழுந்த வேகத்தில் துப்பட்டா ஆரக்கம்பிகளில் சுற்றிக்கொண்டது, உள்ளங்கை கிழிந்தது, எவர்சில்வர் டப்பா திறந்து தயிர்சாதம் இலைகள்மேல் கொட்டிக் கிடந்தது. பின்னால் வந்த ஒரு பெண்மணி இறங்கி, துப்பட்டாவைக் கம்பி கம்பியாக விடுவித்துக் கொடுத்தார். டப்பா மூடியைத் தன் கோட்டில் துடைத்துக் கையில் தந்தார். அன்றைக்கு எனக்கு டச்சு மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

எங்கள் தெருவில் எண்பதுகளிலேயே வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். கைக்கட்டைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் கொண்டுவந்து நிறுத்தியபோது பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் உடை சிக்காதபடி மறைப்புப் பூட்டியிருந்தார். சங்கிலியை முழுவதும் மூடும் பெட்டியும் இருந்தது. சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரரிடம் யார் பேச முடியும்? தொண்ணூறுகளில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது அந்த ஊரே சைக்கிளில் ஓடியது. நிற்பதற்கு முன்பே பெடலைத் தோதான இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சாலையில் வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் இருக்கும், 'சுறாப்பற்கள்' என்பார்கள். அவற்றின் கூர்முனை நம்மைப் பார்த்தால் நாம்தான் வழிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பரில் சூரியன் உதிக்க எட்டே முக்கால் ஆகும், நாலரைக்கு மறைந்துவிடும். போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் எரிய வேண்டும். காவலர் அபராதம் போடுவது இருக்கட்டும், கார்க்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் 2019 ஜூலையிலிருந்து குற்றம், அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். குடையை வீட்டில் வைத்துவிட்டு மழைக் காற்சட்டை வாங்குங்கள். இங்கே மழையைவிடக் காற்றுதான் பொல்லாதது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

கார் வாங்கிவிடு, சைக்கிளில் போனால் என்ன மரியாதை என்று உங்களுக்குச் சொல்லப் போகிறவர்கள் நம்மவர்கள்தான். சைக்கிளிலிருந்து பைக், பைக்கிலிருந்து கார் என்று ஏறும் ஏணியை ஊரிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் பிரதமராக இருந்த மார்க் ரூட்டே அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனவர். வந்த இரண்டாம் மாதமே கார் வாங்கிவிட்டு, நிறுத்த இடமில்லை, நெரிசலில் ஒரு மணி நேரம் போகிறது என்று வார இறுதியில் புலம்புகிறவர்களை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு சிலர் ரயிலில் 'அமைதி' என்று கண்ணாடியில் எழுதியிருக்கும் பெட்டியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களைப் பார்த்துத்தான் அடுத்து வரும் தமிழரையும் எடைபோடுவார்கள்.

உட்ரெக்ட் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். 2019இல் முழுமையாகத் திறந்தார்கள், மூன்று தளம், 12,500 சைக்கிள்கள், உலகிலேயே பெரியது. ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம், எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகை காட்டும், முதல் 24 மணி நேரம் இலவசம். நான் வந்த காலத்தில் நிலைய வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். மாலையில் என்னுடையதைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆகும்.

ரயில் ஏறும் முன் பயண அட்டையைக் கருவியில் தட்டுவது போலவே இறங்கியதும் தட்டுங்கள், மறந்தால் 20 யூரோ வரை போய்விடும். பயணச் செலவை நிறுவனம் தருமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஐந்தோவனுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். முதல் அரை மணிக்குள் மூன்று ஆறுகள் வரும்: லெக், வால், மாஸ். முதல் இரண்டும் ரைன் ஆற்றின் கிளைகள். காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிவதைப் போலப் பிரிந்து கடலுக்குப் போகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, லெக் ஆற்றின் மேல் கியூலம்போர்க் பாலம் வரும்போது நான் புத்தகத்தை மூடிவிடுவேன். திருவையாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தவள் நான். இங்கே ஒரு கோடையிலும் ஆறு வற்றிப் பார்த்ததில்லை.

வந்து சேர்ந்ததும் எழுதுங்கள். அந்த அண்ணன் எனக்குக் கொடுத்த சங்கிலிப் பூட்டு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு சாவியும் இருக்கின்றன. உங்கள் ஐந்தோவன் சைக்கிளுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.