பின்னம், தசமம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மண்டபம் பக்கம் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்றிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம் அக்கா: 0.5-ஐவிட 0.25தான் பெரியது என்று மகன் அடம்பிடிக்கிறான்.

அவன் 25-ஐயும் 5-ஐயும் பார்க்கிறான் அக்கா. நாம்தானே ‘புள்ளி இருபத்தைந்து’ என்று வாசித்துக் காட்டுகிறோம்? தயவுசெய்து ‘புள்ளி இரண்டு ஐந்து’ என்று வாசியுங்கள். அப்புறம் மீன் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப்போய்த் மின்னணுத் தராசைப் பார்க்கச் சொல்லுங்கள், அரைக்கிலோ 0.500 என்றும் கால்கிலோ 0.250 என்றும் இலக்கம் குறையாமல் நிற்கும், அதனால் அங்கே குழப்பமே வராது. நோட்டிலும் 0.5-க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு 0.50 ஆக்கிவிட்டு ஒப்பிடட்டும். 1.05 கிலோ என்பது ஒரு கிலோ 50 கிராம், 1.5 கிலோ என்பது ஒன்றரைக் கிலோ, அந்தப் பூச்சியத்தைக் கவனிக்காவிட்டால் 450 கிராம் இறால் வித்தியாசம்.

தொண்டி தம்பி: 1/2 + 1/3 = 2/5 என்று தங்கச்சி போடுகிறாள்.

மீச்சிறு பொது மடங்கை (மீ.பொ.ம.) பிறகு பார்க்கலாம். 2/5 என்றால் 0.4. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேள், அவளே அழிப்பாள். அப்புறம் இரண்டையும் ஆறு பங்காக்கு: 3/6 + 2/6 = 5/6.

பாம்பன் அண்ணன்: 0.125 பெரிதா, 0.3 பெரிதா?

0.3. அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள் அண்ணே.

ஏர்வாடி டீச்சர்: 1/3 ஏன் 0.333... என்று முடியாமல் போகிறது?

நல்ல கேள்வி டீச்சர். நுங்கில் பெரும்பாலும் மூன்று கண், அதில் ஒன்று மூன்றில் ஒரு பங்கு, பிள்ளை கையில் முழுசாகத்தான் இருக்கிறது. தசமத்தில் எழுதும்போதுதான் சிக்கல், ஏனென்றால் தசமம் பத்துப் பத்தாகவே பிரிக்கும், பத்தை உடைத்தால் கிடைப்பது 2-ம் 5-ம்தான். சுருக்கிய பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே உள்ள எண்ணில், இந்த 2-ம் 5-ம் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் முடிந்துவிடும், 1/8 = 0.125, 1/20 = 0.05. 3-ஓ 7-ஓ உள்ளே இருந்தால் முடியாது.

கீழக்கரை நண்பர்: அரைக்கால் (1/8), வீசம் (1/16) என்ற பழைய தமிழ்ப் பின்ன வாய்ப்பாடெல்லாம் இனி எதற்கு? (ராமேஸ்வரம் ஐயா இதற்குக் கோபப்பட்டு, அந்த வாய்ப்பாட்டை விட்டதால்தான் பிள்ளைகள் பின்னத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நான்கு முறை எழுதிவிட்டார்.)

முழு வாய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்யவைக்க மாட்டேன் ஐயா. ஆனால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக ஒடித்துக்கொண்டே போவதைக் கருப்பட்டியை வைத்து நான் இன்றும் காட்டுகிறேன்: 0.5, 0.25, 0.125, 0.0625. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320, எல்லாமே 2-ஆலும் 5-ஆலும் ஆனவை, முந்திரிகூட 0.003125 என்று முடிந்துவிடுகிறது. டீச்சர் கேட்ட மூன்றில் ஒன்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை. நண்பரே, இவ்வளவு அழகான ஒன்றை வேண்டாம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கேட்டவர்: உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள் தம்பி, நான் ஐந்தாம் வகுப்போடு சரி.

மறுபடியும் 0.25 கேட்ட இருவருக்கு: புள்ளி இரண்டு ஐந்து. இருபத்தைந்து இல்லை.

தேவிபட்டினம் தங்கை: ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுகிறோமே, அப்போது 1.30-ம் 1.5-ம் ஒன்றா?

இல்லைம்மா. மணிக்கு 60 நிமிடம், 1.30-இல் இருப்பது மணியையும் நிமிடத்தையும் பிரிக்கும் புள்ளி, அது தசமப் புள்ளியே இல்லை. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்பதும் அப்படித்தான், ஆறு பந்தில் மூன்று, அதாவது நாலரை ஓவர்.